முடி நட்டுட்டேன், க்ளினிக் ரிவ்யூ (கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க)

பண்ணி ஒரு வருஷம் ஆகப் போகுது, அதான் இப்ப எழுதுறேன். மூணாவது மாசத்துல போடுற ரிவ்யூவ எல்லாம் நம்பாதீங்க, ஏன்னா நட்ட முடி முதல் ரெண்டு மாசத்துக்குள்ள பெரும்பாலும் கொட்டிடும், வேர் மட்டும் உள்ள இருக்கும், நாலு மாசத்துக்கு மேல தான் மெல்ல முளைக்க ஆரம்பிக்கும், முழு ரிசல்ட் தெரிய கிட்டத்தட்ட ஒரு வருஷம் ஆகும். இத முன்னாடியே சொல்லாத க்ளினிக்னா எந்திரிச்சு வந்துடுங்க.

அண்ணாநகர் பக்கம் தான் பண்ணேன், பேரு போடல, விளம்பரம்னு சொல்லுவீங்க. அதுக்கு முன்னாடி வேற ஒரு இடத்துல விசாரிச்சேன், வாட்ஸ்அப்ல போட்டோ அனுப்புன உடனே 4000 கிராஃப்ட் (வேரோட எடுத்து நடுற சின்னத் துண்டு) சார், இன்னிக்கு புக் பண்ணா ஆஃபர்னு ஒரு பொண்ணு போன் மேல போன். டாக்டர் யாருன்னு கேட்டா "எங்க டீம் சார்"னு பதில். தலைய தொட்டுக்கூட பாக்காம எப்படிங்க நம்பர் சொல்றாங்க?

இங்க டாக்டரே உக்காந்து பின்மண்டைய லென்ஸ் வச்சு பாத்தாரு. அங்க இருந்து தான் எடுத்து முன்னாடி நடணும், எடுத்த இடத்துல திரும்ப முளைக்காது, அதனால வாழ்நாளுக்கே ஸ்டாக் இவ்ளோ தான், இப்பவே எல்லாத்தையும் முன்நெத்திலயே நட்டுட்டா நாளைக்கு உச்சி வழுக்கையானா என்ன பண்ணுவீங்கன்னு கேட்டாரு. நான் காலேஜ் போட்டோவ காட்டி இந்த ஹேர்லைன் வேணும்னேன், முடியாதுன்னுட்டாரு, அப்ப கோவம் தான் வந்துச்சு. கூட வந்த மச்சானுக்கு 23 வயசு, அவனுக்கு ஆபரேஷனே வேணாம், கொட்டுறது எங்க போய் நிக்கும்னே இன்னும் தெரியல, மொதல்ல மினாக்ஸிடில்னு தலையில தடவுற மருந்து போட்டு பாருப்பான்னு அனுப்பிட்டாரு. வர்ற காச வேணாம்னு சொல்ற ஆளு, அங்க தான் எனக்கு நம்பிக்கை வந்துச்சு.

பில்லுல ஒரு விஷயம் கவனிங்க. ஒரு கிராஃப்ட்னா ஒரு முடி இல்ல, 1ல இருந்து 4 முடி வரைக்கும் இருக்கும். சில இடத்துல முடி எண்ணிக்கைய சொல்லி பெரிய நம்பரா காட்டுவாங்க, ரேட் கேக்குறப்பவே கிராஃப்ட் கணக்கா முடிக்கணக்கான்னு கேட்டுடுங்க.

அப்புறம் கத்தி யாரு கைல இருக்குன்னு கேளுங்க. 2022ல டாக்டர்களுக்கு விதிமுறை போடுற நேஷனல் மெடிக்கல் கமிஷனே, இதெல்லாம் முறையா பயிற்சி எடுத்த டாக்டர் தான் பண்ணணும், யூடியூப் பாத்தோ வொர்க்‌ஷாப் போயோ கத்துக்கிட்டா பத்தாதுன்னு சொல்லிடுச்சு. 2016ல இதே சென்னையில ஒரு மெடிக்கல் காலேஜ் பையன் ஒரு சென்டர்ல தனக்கு இத பண்ணிக்கப் போயி உடம்பு மோசமாகி இறந்தே போனான், அழகுக்கு பண்றது தானேன்னு லேசா எடுத்துக்காதீங்க. சுகர், பிபி, ரத்தம் மெலிய வைக்கிற மாத்திரைன்னு எது இருந்தாலும் மறைக்காம சொல்லுங்க. எனக்கு மரக்க வைக்க ஊசி போட்டது தான் வலி, அப்புறம் தூங்கியே போயிட்டேன். அப்புறம் ரெண்டு மூணு நாள்ல நெத்தி வீங்கி கண்ணு வரைக்கும் இறங்குச்சு, வீட்ல பயந்துட்டாங்க, தானாவே வடிஞ்சிடுச்சு.

ஐஞ்சுக்கு நாலு ஸ்டார் தான். ஒன்னு கொறைச்சது ஏன்னா மாத்திரை விஷயம். நட்ட முடி நின்னாலும் பழைய முடி பாட்டுக்கு கொட்டிட்டே இருக்கும், அதுக்கு வருஷக்கணக்கா மருந்து எடுக்கணும்னு ஆபரேஷனுக்கு அப்புறம் தான் தெளிவா சொன்னாங்க, அதுக்கு குடுக்குற ஃபினாஸ்டரைட் மாத்திரையால சில பேருக்கு செக்ஸ் சம்பந்தமா பிரச்சனை வரலாம்ங்கறத நான் தோண்டிக் கேட்டப்புறம் தான் வாயத் தொறந்தாங்க.

பைக்ல போறவங்க ஹெல்மெட் எப்ப போடலாம்னு கேட்டுட்டு லீவ் போடுங்க, ஆரம்பத்துல உரசவே கூடாது. பழனி, திருப்பதின்னு மொட்டை வேண்டுதல் பாக்கி இருந்தா அத முன்னாடியே முடிச்சிடுங்க, அப்புறம் அடிச்சா பின்மண்டையில எடுத்த இடமெல்லாம் புள்ளி புள்ளியா தெரியும், தோல கீத்தா எடுக்குற முறைன்னா ஒரே நீளக் கோடு.