500 டிகிரி நீராவியும் நான் எழுதிய மோடும்: இரண்டு வருட அனுபவம்

ஃபேக்டோரியோ என்பது கணினியில் தொழிற்சாலை கட்டும் விளையாட்டு; மோட் என்பது அதை மாற்றியமைக்க விளையாடுகிறவர்களே எழுதிச் சேர்க்கும் நிரல். போன வாரம் நண்பன் ஒருவன் கேட்டான்: "ஃபேக்டோரியோவில் நீராவி மோட் எழுதி வைத்திருக்கிறாயே, அதை நான் ஓட்டிக்கொண்டிருக்கும் ஃபேக்டரியில் போடலாமா?" ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியவில்லை. அவன் கேட்ட அன்று ராத்திரிதான் என் ஃபேக்டரியில் பாதி நின்று போயிருந்தது. அதனால் இதில் கொஞ்சம் கோபம் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாய்லர் தண்ணீரை நீராவியாக்கும், இன்ஜினும் அதைவிடப் பெரிய டர்பைனும் அந்த நீராவியைக் குடித்து மின்சாரம் தரும். இது விளையாடுகிறவர்களுக்குத் தெரியும். ஆனால் மோட் எழுத உட்கார்ந்தால்தான் அடியில் இருக்கும் கணக்கு கண்ணில் படும். ஒரு யூனிட் நீராவியை ஒரு டிகிரி சூடாக்க 0.2 கிலோஜூல், கணக்கு தொடங்குவது 15 டிகிரியில். 165 டிகிரி நீராவி என்றால் யூனிட்டுக்கு 30 கிலோஜூல். இன்ஜின் வினாடிக்கு 30 யூனிட் குடிக்கும், ஆகவே 900 கிலோவாட். 500 டிகிரி என்றால் 97 கிலோஜூல், டர்பைன் 60 யூனிட் குடிக்கும், 5.82 மெகாவாட். அவ்வளவுதான். தண்ணீர் கொதித்து ஆவியாகும்போது நிஜத்தில் ஏகப்பட்ட வெப்பம் உள்ளே போகிறதே, அந்த உள்ளுறை வெப்பம் இங்கே கிடையாது. நேர்கோட்டுக் கணக்கு. முதலில் இது எனக்குக் குறையாகத்தான் பட்டது, பிறகு மோட் எழுத எழுத இந்த எளிமைதான் பிடித்துப்போனது.

முதல் சோதனையே பாடம் கற்றுக்கொடுத்தது. பாய்லரின் இலக்கு வெப்பநிலையை 165-லிருந்து 250-க்கு ஏற்றினேன், வேறு எதையும் தொடவில்லை. சூடு கூடினால் மின்சாரமும் கூடும் என்று நினைத்தேன். குறைந்தது! யூனிட்டுக்கு இப்போது 47 கிலோஜூல் ஆகிறது, 1.8 மெகாவாட் பாய்லர் வினாடிக்கு 38 யூனிட்தான் தருகிறது. இன்ஜினின் உச்ச வெப்பநிலை இன்னும் 165-லேயே இருக்கிறது, அதற்கு மேல் உள்ள சூட்டை அது கணக்கில் எடுக்காது, ஆனால் குடிப்பது மட்டும் அதே 30 யூனிட். முன்பு இரண்டு இன்ஜினை ஓட்டிய பாய்லர் ஒன்றேகாலை ஓட்டியது. எரித்த நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வீண். இன்ஜினின் உச்சத்தையும் 250 ஆக்கியதும் ஒவ்வொன்றும் 1.41 மெகாவாட் தந்தது. இரண்டு எண்களும் சேர்ந்து நகர வேண்டும், இல்லாவிட்டால் நஷ்டம் சத்தமில்லாமல் நடக்கும். எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியாது.

அப்புறம் வந்ததுதான் சூப்பர்ஹீட்டர். 165 டிகிரி நீராவியை வாங்கி 500 ஆக்கித் தரும் இரண்டாவது அடுப்பு. அணு உலை வரும் வரை காத்திருக்காமல் நிலக்கரியிலேயே டர்பைனை ஓட்டுவதற்காக எழுதினேன். 335 டிகிரி ஏற்ற யூனிட்டுக்கு 67 கிலோஜூல், வினாடிக்கு 60 யூனிட் என்றால் 4.02 மெகாவாட். பாய்லரின் 1.8-ஐயும் இதையும் கூட்டிப் பார்த்தேன். சரியாக 5.82! ஒரு பாய்லர், ஒரு சூப்பர்ஹீட்டர், ஒரு டர்பைன், மிச்சமே இல்லை. நான் திட்டம் போட்டு அமைத்த விகிதம் இல்லை இது, 30-ம் 67-ம் சேர்ந்தால் 97 என்பதால் தானாக அமைந்தது. மூன்றையும் வரிசையாக வைத்து மின்சார வரைபடத்தில் அந்தக் கோடு நேராக ஏறி நின்றதைப் பார்த்தபோது வந்த சந்தோஷம் இன்னும் மறக்கவில்லை.

இன்னொரு சந்தோஷம் டேங்க். ஒரு டேங்கில் 25,000 யூனிட் பிடிக்கும், 500 டிகிரியில் அது 2.425 கிகாஜூல். ஆட்டத்தின் பேட்டரியான அக்யூமுலேட்டர் ஒன்றில் நிற்பது 5 மெகாஜூல், அதாவது ஒரு டேங்க் 485 அக்யூமுலேட்டருக்குச் சமம். அதுவும் ஆறவே ஆறாது. நாற்பது மணி நேரம் கழித்து வந்து பார்த்தாலும் அதே 500. இது நியாயமில்லை என்று நினைத்து, டேங்குகள் மெதுவாக ஆறும்படி ஒரு ஸ்கிரிப்ட் எழுதிப் பார்த்தேன். டேங்க் கூடக் கூட ஆட்டம் இழுக்க ஆரம்பித்தது, எடுத்துவிட்டேன். ஆறாமல் இருப்பதே நல்லது என்று இப்போது மனதாரச் சொல்கிறேன். ராத்திரியில் லேசர் கோபுரங்கள் எல்லாம் ஒரே சமயத்தில் மின்சாரத்தை உறிஞ்சும்போது நான் வைத்திருக்கும் எட்டு டேங்க்தான் என் ஃபேக்டரியைக் காப்பாற்றுகிறது.

இதே எட்டு டேங்கில்தான் பிரச்சினையும் வந்தது.

ஒரே திரவம், இரண்டு வெப்பநிலை, ஒரே பைப்பில் சேர்ந்தால் சராசரி ஆகிவிடும். ஆட்டத்தின் பழைய 1.1 பதிப்பிலும் இப்படித்தான், ஆனால் அப்போது ஒவ்வொரு பைப்புக்கும் தனி வெப்பநிலை, கலப்பு மெதுவாகப் பரவும், எங்கே தப்பு நடந்தது என்று பைப் பைப்பாகத் தொட்டுப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். 2024 அக்டோபரில் வந்த 2.0 பதிப்பில் ஒன்றோடொன்று இணைந்த பைப்புகளும் டேங்குகளும் சேர்ந்து ஒரே தொகுதி. திரவம் ஓடுவதைப் பொறுத்தவரை அற்புதமான மாற்றம், பழைய தலைவலி பாதி போய்விட்டது, அதில் எனக்குக் குறையே இல்லை. ஆனால் வெப்பநிலையும் தொகுதி முழுவதற்கும் ஒன்றுதான். ஒரு மூலையில் நடந்த கலப்பு அந்த நொடியே மறுமூலையிலும் தெரியும், எங்கிருந்து வந்தது என்ற தடயமே இருக்காது.

அன்று நடந்தது இதுதான். சூப்பர்ஹீட்டர் வரிசையை நீட்டும்போது ஒரு பைப்பை ஒரு கட்டம் தள்ளி வைத்துவிட்டேன், அது பக்கத்தில் ஓடிய 165 டிகிரி பைப்போடு ஒட்டிக்கொண்டது. தண்ணீரும் எண்ணெயும் சேரப் போனால் ஆட்டமே தடுக்கும். இது இரண்டு பக்கமும் நீராவி, அதனால் தடுக்கவில்லை. எட்டு டேங்க் 500 டிகிரியோடு ஒரு டேங்க் 165 டிகிரி சேர்ந்தது. 462.8 டிகிரி! டர்பைன்கள் 5.37 மெகாவாட்டுக்கு இறங்கின, அதைக்கூடக் கவனித்திருக்க மாட்டேன். ஆனால் இன்னொரு மோடிலிருந்து எடுத்துப் போட்டிருந்த ஒரு ரெசிபி, அதாவது பொருள் செய்யும் முறை, குறைந்தது 500 டிகிரி நீராவி கேட்கும். அது அப்படியே நின்றுவிட்டது. ஒரு மணி நேரம் பொருளை எடுத்து வைக்கும் இன்சர்ட்டரைப் பார்த்தேன், பெல்ட்டைப் பார்த்தேன், மின்சாரத்தைப் பார்த்தேன். கடைசியில் தற்செயலாக மவுஸ் பைப்பின் மேல் போனபோதுதான் 463 கண்ணில் பட்டது.

சரி, தப்பான பைப்பை எடுத்துவிட்டேன், சூப்பர்ஹீட்டர் ஓடட்டும், ஏறிவிடும் என்று காத்திருந்தேன். ஏறும். 480, 490, 497. ஆனால் 500-ஐ நெருங்குமே தவிர தொடாது. உள்ளே வருவது 500, உள்ளே கிடப்பது அதற்குக் குறைவு, இரண்டின் சராசரி எப்படி 500 ஆகும்? ஒரு துளி குளிர்ந்த நீராவி உள்ளே போனால், தொகுதியைக் காலி செய்கிற வரைக்கும் அந்த ரெசிபிக்கு வாழ்வில்லை. எனக்குத் தாங்காதது இதுதான்.

இதைத் தடுக்க ஆட்டத்துக்குள் வழி இருக்கிறதா என்றால், 2.0-ல் நான் தேடியவரை இல்லை. பம்ப்பில் திரவத்தின் பெயரை வைத்து வடிகட்டலாம், வெப்பநிலையை வைத்து முடியாது. டேங்கில் தகவல் அனுப்பும் வயர் இணைத்தால் எத்தனை யூனிட் என்று சொல்லும், எத்தனை டிகிரி என்று சொல்லாது. இதே 2.0-ல் அணு உலையின் வெப்பநிலையை வயரில் படிக்க முடிகிறது, அருமையான வசதி அது. அதையே டேங்குக்கும் கொடுத்திருந்தால் ஒரு அலாரம் வைத்து நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

இப்போது மோடைத் திருத்திவிட்டேன். 500 டிகிரி நீராவி இனி வெப்பம் கூடின அதே நீராவி இல்லை, தனிப் பெயர், தனி நிறம் கொண்ட வேறு திரவம். இரண்டு பைப்பும் பக்கத்தில் வந்தால் ஆட்டமே மறுத்துவிடும். வேலை கச்சிதம். ஆனால் அதற்காக டர்பைனையும், அணு உலையின் சூட்டில் நீராவி செய்யும் ஹீட் எக்ஸ்சேஞ்சரையும் புதுத் திரவத்துக்கு மாற்ற வேண்டியிருந்தது, அதோடு சாதாரண நீராவியை எதிர்பார்க்கும் மற்ற மோட்கள் ஒவ்வொன்றும் முறைத்துக்கொண்டன, அவற்றின் ரெசிபிகளை ஒவ்வொன்றாகக் கடைசிக் கட்டத்தில் திருத்துகிற கோப்பு இப்போது மோடை விடப் பெரிதாக இருக்கிறது.

நண்பனுக்கு என்ன சொன்னேன்? போடாதே என்றேன். இரண்டு வருடத்தில் இந்த ஆட்டத்தில் எனக்கு மிக அதிக சந்தோஷம் கொடுத்தது இந்த மோட்தான், புதிதாகத் தொடங்கும் ஒவ்வொரு ஆட்டத்திலும் முதலில் அதைத்தான் போடுகிறேன், அந்த ஒன்றுக்கு ஒன்றுக்கு ஒன்று விகிதத்தை அவனும் ஒருமுறை பார்க்க வேண்டும் என்று ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனாலும் ஓடிக்கொண்டிருக்கும் ஃபேக்டரியில் வேண்டாம். டர்பைன் வேறு திரவம் கேட்க ஆரம்பித்த கணமே அவன் பைப்புகளில் இருக்கும் பழைய நீராவி அத்தனையும் பயனற்றதாகிவிடும், மின்சாரம் போய்விடும், அவன் என்னைத்தான் திட்டுவான்.

என் பழைய ஃபேக்டரியில் இன்னும் அந்த ஒன்பது டேங்க் கலப்பு நீராவி அப்படியே கிடக்கிறது. ஒரு பொத்தானை அழுத்தினால் கொட்டிவிடலாம். சுமார் 20 கிகாஜூல், எத்தனை வண்டி நிலக்கரி எரித்துச் சேர்த்தது, கொட்ட மனசு வரவில்லை. டர்பைன்கள் குடித்துத் தீர்க்கட்டும் என்று சூப்பர்ஹீட்டர்களை நிறுத்திவிட்டு வந்திருக்கிறேன்.