விருதுநகர் எண்ணெய் புரோட்டாவா, பிரானூர் பார்டர் புரோட்டாவா? தெக்க கார் எடுத்துட்டுப் போறவங்களுக்கு ஒரு அலசல்

மதுரையத் தாண்டி தெக்க போற யார்கிட்டயாவது வழியில எங்க சாப்பிடலாம்னு கேட்டுப் பாருங்க, ரெண்டு பதில்ல ஒண்ணு கண்டிப்பா வரும். விருதுநகர் எண்ணெய் புரோட்டா, இல்லன்னா செங்கோட்டைகிட்ட பிரானூர் பார்டர்ல புரோட்டாவும் கோழியும். ரெண்டுக்கும் உயிரக் குடுக்குற ஆளுங்க இருக்காங்க, எங்க வீட்லயே ரெண்டு கட்சி உண்டு. எனக்கு ரெண்டுமே பிடிக்கும், ஆனா ரெண்டும் ஒரே சாப்பாடு கிடையாது, ரெண்டு இடத்துலயும் ஒரே மாதிரி ஆர்டர் சொல்லி ஒரே மாதிரி சாப்பிட்டா ஏதோ ஒண்ணு சப்புன்னுதான் இருக்கும். என் முடிவ முன்னாடியே சொல்லிடுறேன். புரோட்டாவுக்கு விருதுநகர், கோழிக்கு பார்டர். ஒண்ணுதான் முடியும்னு கட்டாயப்படுத்துனா விருதுநகர். ஏன்னு கீழ சொல்றேன்.

முதல்ல ரூட்டு, ஏன்னா நிறைய பேருக்கு இதுலதான் குழப்பம். ரெண்டு ஊரும் ஒரே ரோட்டுல இல்ல. விருதுநகர் இருக்கறது மதுரைலேர்ந்து திருநெல்வேலி, கன்னியாகுமரி போற என்எச் 44ல (பழைய ஆளுங்களுக்கு என்எச் 7ன்னாதான் தெரியும்), மதுரைலேர்ந்து ஐம்பது கிலோமீட்டர் சுமார். பார்டர் இருக்கறது திருமங்கலத்துல பிரிஞ்சு ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், கடையநல்லூர், தென்காசின்னு போயி கொல்லத்துல முடியுற ரோட்டுல, மதுரைலேர்ந்து நூத்தி அறுபது கிலோமீட்டருக்கு மேல வரும். அதனால நாகர்கோவில் போறவங்க பார்டருக்கு ஆசப்பட வேண்டாம், குற்றாலம் போறவங்களுக்கு விருதுநகர் நேர் வழி இல்ல. ஆனா குற்றாலம் போறவங்க விருதுநகர் போய் அங்கேருந்து சிவகாசி வழியா ஸ்ரீவில்லிபுத்தூர்ல போய் சேந்துக்கலாம், கொஞ்சம் சுத்துதான், டைம் இருந்தா தாராளமா பண்ணலாம்.

இன்னொண்ணு, நாலு வழிச்சாலை விருதுநகர் ஊருக்கு வெளிய போகுது. பைபாஸ்லயே போயிட்டு விருதுநகர் புரோட்டா சாப்பிட்டேன்னு சொல்றவங்க நிறைய பேர் ரோட்டோர கடைல சாப்பிட்டவங்கதான். ஊருக்குள்ள திரும்பணும். பர்மா கடைன்னு கேட்டா யாரும் வழி சொல்லுவாங்க, அது தவிர ஊருக்குள்ள புரோட்டாக் கடைக்குப் பஞ்சமே இல்ல. பார்டர்ல அந்தப் பிரச்சன கிடையாது, கடைங்க ரோட்டு மேலயே இருக்கு, ரஹ்மத் கடைய தாண்டிப் போறவங்க கூட அங்க நிக்குற கார் கூட்டத்தப் பாத்து நிறுத்திருவாங்க. பார்டர்னு பேர் வந்ததுக்கு காரணம் செங்கோட்டை அந்தக் காலத்துல திருவிதாங்கூர்ல இருந்துச்சு, 1956 நவம்பர் 1ம் தேதிதான் நம்ம பக்கம் சேந்துச்சு. இப்ப கேரளா எல்லை புளியரை தாண்டி மேல போயிருச்சு, ஆனா பிரானூருக்கு பார்டர்ங்கற பேரு அப்படியே நின்னுருச்சு.

சரி, புரோட்டாவுக்கு வருவோம்.

விருதுநகர்ல கல்லு கிட்ட போயி ஒரு அஞ்சு நிமிஷம் நின்னு பாருங்க, சாப்பிடறதுக்கு சமமான சந்தோஷம் அது. சாதா புரோட்டாக் கல்லு மாதிரி தட்டையா இருக்காது, நடுவுல குழிஞ்சு எண்ணெய் தேங்கி நிக்கும், சுத்தி ஓரம் சாய்வா இருக்கும். மாஸ்டர் வீசி சுருட்டி தட்டுன புரோட்டாவ முதல்ல ஓரத்துல போட்டு வாட்டுறாரு, மாவு பச்ச போனதும் கரண்டியால நடுவுல தள்ளி விடுறாரு, அது எண்ணெய்ல மிதந்து மெதுவா சிவக்குது, ஓரமெல்லாம் இதழ் இதழா விரியுது. எடுத்து திரும்ப ஓரத்துல சாய்ச்சு வெச்சா எண்ணெய் வடிஞ்சு குழிக்கே ஓடிருது. இந்த வடியுற நேரம்தான் ரொம்ப முக்கியம். கூட்டம் அதிகமாகி அவசரத்துல வடிய விடாம எடுத்துப் போட்டா நெஞ்சக் கரிக்கும், ஒழுங்கா வடிஞ்சதுன்னா வெளிய மொறுமொறுன்னும் உள்ள மெத்துனும் இருக்கும், கையில எடுத்தா அவ்வளவு எண்ணெய் கூட ஒட்டாது. எண்ணெய்ல பொரிக்கிறதா, வயிறு என்னாகும்னு பயப்படுறவங்க இத ஒரு தடவ நேர்ல பாக்கணும்.

பார்டர் புரோட்டா இதுக்கு நேர் எதிர். சின்னதா, மெல்லிசா, மெத்துமெத்துன்னு இருக்கும். கல்லுலேர்ந்து எடுத்து அடுக்கி ரெண்டு கையாலயும் நாலு பக்கமும் அடிச்சு நொறுக்கிதான் இலைக்கு வரும், அடுக்கடுக்கா பிரிஞ்சு கெடக்கும். தனியா ஒரு துண்டு பிச்சு சால்னா தொடாம வாயில போட்டீங்கன்னா பெருசா ஒண்ணும் தெரியாது. அது சால்னாவுக்குன்னே செஞ்ச புரோட்டா. சப்ளையர் தம்பி வந்து "பிச்சுப் போடட்டுமாண்ணே"ன்னு கேப்பாரு, சரின்னு சொல்லிருங்க, பிச்சுப் போட்டு மேல சால்னா ஊத்தி ரெண்டு நிமிஷம் ஊற விட்டு அப்புறம் கை வைங்க. அவசரப்படாதீங்க, அந்த ரெண்டு நிமிஷத்துலதான் எல்லாமே நடக்குது.

விருதுநகர்ல இத அப்படியே பண்ணா கெட்டுது கதை. மொறுமொறு புரோட்டா மேல வாளி சாச்ச மாதிரி சால்னாவ ஊத்துனா மொறுமொறுப்பு போயி நனஞ்ச பிஸ்கட் மாதிரி ஆயிரும், அதுக்கு எண்ணெய்ல பொரிச்சதுக்கே அர்த்தம் இல்லாமப் போயிரும். அங்க சால்னாவ ஓரமா ஒரு குழி மாதிரி வாங்கிக்கிட்டு பிச்சு பிச்சு தொட்டு சாப்பிடணும். முதல் புரோட்டாவுல பாதிய வெறுமனேயே சாப்பிடுங்க. மொத்தமா நாலு அஞ்சு சொல்லாம ரெண்டு ரெண்டா வாங்குங்க, ஆறிப்போன எண்ணெய் புரோட்டா மாதிரி வருத்தமான விஷயம் வேற இல்ல.

இப்ப சைடு டிஷ். இதுல பார்டர்தான் ஜெயிக்குது, எனக்கு இதுல சந்தேகமே இல்ல. சின்னச் சின்னதா வெட்டுன நாட்டுக்கோழி, எலும்போட, மிளகு காரம் ஏறி கருகருன்னு வறுத்து வருது பாருங்க, கூட வெங்காயமும் எலுமிச்சம்பழமும், அதுக்கு முன்னாடி புரோட்டாவெல்லாம் துணைக்கு வந்த ஆளுதான். குற்றாலத்துல அருவில நின்னு உடம்பு நடுங்கி வந்து இந்த மிளகு காரத்துல கை வெச்சா உள்ளங்கால் வரைக்கும் சூடு ஏறும். காடையும் நல்லா இருக்கும், ஆனா முதல் தடவ போறவங்க நாட்டுக்கோழிலயே நின்னுக்கோங்க. கறி கொஞ்சம் கடிச்சு இழுக்குற மாதிரிதான் இருக்கும், நாட்டுக்கோழின்னா அப்படித்தான், வேகலன்னு நெனச்சு சண்ட போட வேண்டாம். பல்லு முடியாத பெரியவங்களுக்கு பெப்பர் சிக்கன் வாங்கிக் குடுங்க.

விருதுநகர்ல மட்டன் பக்கம் போங்க. சுக்கா, ஈரல், இந்த மாதிரி. புரோட்டா எண்ணெய்ல பொரிஞ்சதுனால கூட இன்னொரு பொரிச்ச ஐட்டம் வேண்டாம், சிக்கன் 65 எல்லாம் அங்க வேஸ்ட்டு. ஈரம் கொஞ்சம் இருக்குற சுக்காவும், தண்ணியா இருந்தாலும் காரம் சரியா நிக்குற சால்னாவும்தான் அந்த புரோட்டாவுக்கு செட் ஆகும். பில்ல பொறுத்தவரைக்கும் ரெண்டு ஊர்லயும் புரோட்டா கையக் கடிக்காது, சைடு டிஷ்தான் ஏத்தி விடும், அதுலயும் நாட்டுக்கோழி விலை எப்பவுமே தனி. குடும்பமா போனா ஆளுக்கு ஒண்ணுன்னு சொல்லாம நடுவுல ரெண்டு பிளேட் வெச்சு பகுந்துக்கிட்டா போதும்.

எப்ப போறீங்கங்கறதும் பெரிய விஷயம். விருதுநகர்ல புரோட்டாக் கல்லு முழு வீச்சுல ஓடறது சாயங்காலத்துக்கு மேலதான், இருட்டுற நேரத்துல போங்க, ராத்திரி ரொம்ப லேட் பண்ணாதீங்க. அங்க பாதி கூட்டம் உள்ளூர்க்காரங்க, வேல முடிச்சு வர்றவங்க, வீட்டுக்கு பார்சல் வாங்க வர்றவங்க. எனக்கு விருதுநகர் மேல நம்பிக்கை வர்றதுக்கு பெரிய காரணமே இதுதான். நாளைக்கும் வரப்போற ஆளுக்கு முன்னாடி கடைக்காரர் பழைய சால்னாவ வெக்க முடியாது.

பார்டர்ல நெலம வேற, அது சீசன பொறுத்தது. ஜூன்லேர்ந்து ஆகஸ்ட் வரைக்கும் குற்றாலத்துல சாரல் அடிக்குற நேரத்துல ஞாயித்துக்கிழம போனா அந்தப் பக்கம் எந்தக் கடையிலயும் ஒரு சேர் பின்னாடி நாலு பேர் நிப்பாங்க, சாப்பிடுறவங்களையே பாத்துக்கிட்டு. அந்த மாதிரி நேரத்துல யாருக்கும் நிம்மதி இருக்காது, சமைக்கிறவங்களுக்கும் சேத்துதான். முடிஞ்சா வார நாள்ல போங்க, இல்லன்னா பன்னெண்டு மணிக்கு முன்னாடி போயிருங்க. கார்த்திகை மார்கழில அந்த ரோடு முழுக்க ஐயப்ப சாமிங்க வண்டியா இருக்கும், ஆரியங்காவு, அச்சன்கோவில், சபரிமலைன்னு எல்லாம் அந்த வழிதான், மாலை போட்டவங்க அசைவக் கடைப்பக்கமே வரமாட்டாங்க. அதனால ரோட்டுல டிராபிக் இருந்தாலும் கடைல இடம் கெடச்சுரும். எனக்குப் பிடிச்ச நேரம் அதுதான்.

குடும்பத்தோட போறவங்களுக்கு ஒரு விஷயம். பொம்பளைங்களுக்கு பாத்ரூம் வசதி. சின்ன ஊர் புரோட்டாக் கடைகள்ல இத எதிர்பாக்க முடியாதுங்கறதுதான் பொதுவா நெலம, அப்படியே ஒண்ணு இருந்தாலும் உள்ள போய்ப் பாத்தா திரும்பி வந்துருவாங்க. இத யாரும் எழுதறதே இல்ல, ஆனா அஞ்சு மணி நேரம் கார்ல உக்காந்து வர்ற அம்மாவுக்கும் பொண்ணுக்கும் புரோட்டாவ விட இதுதான் முதல் கவல. தண்ணி குடிக்காமலே வர்றாங்க பாவம். இவ்வளவு பேர் தேடி வர்ற கடைக்காரங்க ஒரு சுத்தமான பாத்ரூம் கட்டிப் போட்டா எவ்வளவு குடும்பம் வாழ்த்தும். அதுவரைக்கும் ஊருக்குள்ள திரும்புறதுக்கு முன்னாடி ஹைவேல நல்ல பெட்ரோல் பங்க்கா பாத்து நிறுத்திட்டு அப்புறம் சாப்பிடப் போங்க.

அப்போ பேசாம நாலு வழிச்சாலைலயே பெரிய மோட்டல்ல நிறுத்திரலாமேன்னு கேப்பீங்க. பார்க்கிங், பாத்ரூம், ஏசி எல்லாம் இருக்கு, ஒத்துக்கறேன். ஆனா பஸ் நிறுத்துற மோட்டல்ல ராத்திரி ஒரு மணிக்கு சாப்பிட்டவங்களுக்குத் தெரியும், ஆறிப்போன தோசைக்கு டவுன் ரேட்ட விட டபுள் குடுத்து, வெளிய கண்டக்டர் விசில் அடிக்க பாதில எந்திரிச்சு ஓடுறது. திரும்ப வராத கஸ்டமர்னு அவங்களுக்கே தெரியும். பார்டரும் வெளியூர் ஆளுங்கள நம்பி ஓடுற இடம்தான், ஆனா அங்க புனலூர், கொல்லம் பக்கம் இருந்து மலை இறங்கி சாப்பிடறதுக்குன்னே மலையாளிங்க வர்றாங்க, திரும்பத் திரும்ப வர்றாங்க.

சைவம் சாப்பிடுற பெரியவங்க கார்ல இருந்தா ரெண்டு இடமும் சரிப்படாது, அவங்கள உக்கார வெச்சு வெறும் புரோட்டாவும் வெங்காயமும் குடுக்காதீங்க. விருதுநகர்ல சைவ ஹோட்டல் நிறைய இருக்கு, தென்காசிலயும் இருக்கு, முதல்ல அவங்களுக்கு அங்க வாங்கிக் குடுத்துட்டு அப்புறம் நீங்க போங்க.

குழந்தைங்க விஷயத்துல, பார்டர்ல சாப்பிட்டு நேரா கேரளா போறீங்கன்னா புளியரை தாண்டுனதும் எஸ் வளைவு, மலை ரோடு. வயிறு முட்ட சால்னா ஊத்தி சாப்பிட்ட புள்ளைங்க வாந்தி எடுக்கும், நிச்சயம். அரை மணி நேரம் நின்னு கெளம்புங்க. கேரளாவுலேர்ந்து வர்றவங்களுக்கு இந்தத் தொல்லை இல்ல, மலை இறங்கி முடிச்சு பசியோட வந்து உக்காரலாம். விருதுநகர்ல ரோடு நேர் ரோடு, வண்டி ஓட்டுறவரு தூங்காமப் பாத்துக்கணும், அவ்வளவுதான். அவருக்கு ரெண்டு புரோட்டாவோட நிறுத்தி ஒரு டீ வாங்கிக் குடுங்க.

பார்சலுக்கு பார்டர்தான். நாட்டுக்கோழி வறுவல் நாலஞ்சு மணி நேரம் ஆனாலும் ருசி குறையறதில்ல, செங்கோட்டைலேர்ந்து சாயங்காலம் கெளம்புற பொதிகை எக்ஸ்பிரஸ்ல ஏறுனீங்கன்னா ஏதாவது ஒரு பெட்டில அந்த மிளகு வாசன வரும். எண்ணெய் புரோட்டாவ பார்சல் கட்டுறத நான் சொல்லவே மாட்டேன். இலைக்குள்ள ஆவி பட்டு தோல் மாதிரி ஆயிரும்.

ஏன் விருதுநகர்னு கேட்டீங்கன்னா இதான் காரணம். கோழி வறுவல நல்லா செய்யுற கடை திண்டுக்கல்ல இருக்கு, ஈரோட்டுல இருக்கு, பார்டர்னு பேர் வெச்ச போர்டே இப்ப எத்தன ஊர்ல தொங்குது. எண்ணெய் புரோட்டாவும் மெட்ராஸ்ல கெடைக்குது, ஆனா வடிய விடுற பொறுமை அங்க இல்ல, கூட்டமா வர்ற ஆர்டருக்கு முன்னாடியே பொரிச்சு அடுக்கி வெச்சுடுறாங்க. கல்லுலேர்ந்து இலைக்கு அரை நிமிஷத்துல வர்ற புரோட்டா வேணும்னா கார விருதுநகர் ஊருக்குள்ள திருப்பித்தான் ஆகணும். கல்லுக்குப் பக்கத்து டேபிளாப் பாத்து உக்காருங்க, ரெண்டு புரோட்டா, ஒரு சுக்கா, சால்னா தனியா. முடிச்சுட்டு இன்னும் ரெண்டு.