கோதுமையை நிறுத்துவதா, முதலில் ரத்தப் பரிசோதனையா?

டர்பனில் ரொட்டியும், ரொட்டியைக் குடைந்து குழம்பு ஊற்றித் தரும் பன்னி சௌவும் சாப்பிட்டால் வயிறு உப்புகிறதா? இரண்டு வழி உண்டு.

செலவு: நிறுத்தக் காசு வேண்டாம். பரிசோதனைக்கு வேண்டும்.

சிரமம்: ஊசி ஒரு நிமிடம். நிறுத்துவதுதான் பெரும்பாடு. ரவை உப்புமா போச்சு. கூட்டுப் பெருங்காயத்தில்கூடக் கோதுமை மாவு கலந்திருக்கும். இட்லிக்குப் பயமில்லை.

பதில்: நிறுத்தியதும் வயிறு அடங்கலாம். ஆனால் அது சீலியாக் நோயா (கோதுமையிலுள்ள குளூட்டன் புரதத்தால் உடலே தன் சிறுகுடலைத் தாக்கும் நோய்), சும்மா ஒத்துக்கொள்ளாததா என்று தெரியாது. டிடிஜி ஐஜிஏ என்ற ரத்தப் பரிசோதனை சீலியாக்கைச் சுட்டும்; பெரியவர்களுக்கு எண்டோஸ்கோப்பியில் (வாய்வழியே குழாய் விட்டுக் குடலைப் பார்ப்பது) உறுதிசெய்வார்கள். இரண்டுமே கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எடுக்க வேண்டியவை. முன்பே நிறுத்திவிட்டால் மறுபடி 6 வாரமாவது சாப்பிடச் சொல்வார்கள். நான் அப்படித்தான் மாட்டினேன்.

எடை குறைகிறது, ரத்தசோகை என்றால் பரிசோதனையே முதலில். சீலியாக் இல்லை என்று தெரிந்தவர்கள் அப்புறம் நிறுத்திப் பார்க்கலாம்.