0.2, 0.3, 0.5: எந்த ஏர்பிரஷ் ஊசி?

ஊசி மெலிசாக இருந்தால் கோடும் மெலிசாக விழும் என்று நம்பித்தான் பிளாஸ்டிக் மாடல் செய்யும் பலர், பெயிண்ட்டைக் காற்றால் தூவும் தங்கள் முதல் ஏர்பிரஷ்ஷையே 0.2 மி.மீ. ஊசியோடு வாங்குகிறார்கள். நானும் அப்படித்தான் வாங்கினேன். பெங்களூரு அல்சூரில், மார்ச் மாத மத்தியானம், 1/72 அளவு (நிஜத்தில் 72-இல் ஒரு பங்கு) ஸ்பிட்ஃபயர் போர்விமான மாடலின் இறக்கைக்கு வாலெஹோ கம்பெனியின் அக்ரிலிக் பச்சை அடிக்க உட்கார்ந்தால், இரண்டு நிமிஷத்துக்குள் ஊசி நுனியில் பெயிண்ட் காய்ந்து பொருக்குத் தட்டிவிடும். அப்புறம் ஒன்றுமே வராது, திடீரென்று ஒரு துப்பல், இறக்கை முழுக்கப் புள்ளி. கோடைத் தொடக்கத்தில் இந்த ஊர்க் காற்று அவ்வளவு வறட்சி. காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் ஒரு சொட்டு கலந்து, தின்னரில் நனைத்த பஞ்சுக்குச்சியால் நுனியை அடிக்கடி துடைத்தால் சமாளிக்கலாம், ஆனால் பாதி நேரம் துடைப்பதிலேயே போகும்.

அதே 0.2-இல் மிஸ்டர் கலர் என்ற லேக்கர் பெயிண்ட்டை லெவலிங் தின்னர் விட்டு நன்றாக நீர்க்கக் கரைத்து, 12 பிஎஸ்ஐ காற்றழுத்தத்தில், கிட்டத்தட்ட மாடலை உரசுகிற மாதிரி பிடித்து அடித்துப் பாருங்கள், ஜெர்மன் விமானங்களின் சின்னச் சின்னத் திட்டுகள் எல்லாம் அழகாக விழும். ஆக, எந்தப் பெயிண்ட் அடிக்கப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள், ஊசி பிறகு.

ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 0.3, யோசிக்கவே வேண்டாம். 1/72 ஸ்பிட்ஃபயரின் இறக்கை முனைக்கு முனை 15.6 சென்டிமீட்டர்தான், அதன் பச்சை, பழுப்புத் திட்டுகளின் ஓரத்தை 15 முதல் 18 பிஎஸ்ஐக்குள் வைத்து இதிலேயே கையால் போட்டுவிடலாம். அக்ரிலிக்கும் ஓரளவு பொறுத்துப் போகும்.

0.5-ஐ யாரும் மதிப்பதில்லை, எனக்கு அதில் வருத்தம் உண்டு. பிரைமர், உலோக நிறம், வார்னிஷ், 1/35 டாங்கியின் அடிநிறம் எல்லாவற்றுக்கும் இதுதான் சரி, அடைப்பு குறைவு, வேலை சீக்கிரம் முடியும். மெல்லிய கோட்டுக்கு மட்டும் இதை எடுக்காதீர்கள்.

ஒரே ஏர்பிரஷ்ஷில் மாற்றிக்கொள்ளலாம் என்றால் ஊசியை மட்டும் வாங்காமல் அதே அளவு நாசிலையும் (ஊசி நுனி உட்காரும் வாய்) சேர்த்து வாங்குங்கள், இல்லையென்றால் நுனி சரியாக உட்காராமல் பெயிண்ட் ஒழுகும். திருகு வைத்த 0.2 நாசில் அரிசி மணி அளவுதான் இருக்கும், ஸ்பேனரால் இறுக்கும்போது லேசாகத் தடை தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள், இன்னும் கொஞ்சம் திருகினால் கழுத்தோடு முறிந்து பாதி உள்ளேயே மாட்டிக்கொள்ளும்.