துப்பாக்கி கேமா, தோல்வியா, தூக்கக் குறைவா: பையனின் கோபத்துக்கு எது காரணம்?

பதினைந்து வயதுப் பையன் ஒருவன் அடிதடியில் சிக்கினால் செய்தியில் ஒரு வரி தவறாமல் வந்துவிடும்: "செல்போனில் துப்பாக்கி கேம் விளையாடும் பழக்கம் உள்ளவன்." அந்த வயதில் அந்தப் பழக்கம் இல்லாதவனைத் தேடித்தான் பிடிக்க வேண்டும் என்பதால், அந்த வரியை வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியாது. ஆனால் வீட்டில் கதவை அறைந்து சாத்துகிற பையனைப் பார்க்கும் அம்மாவுக்கு இந்தக் கேள்வி நிஜமானது. அதற்கு இன்று நான்கு பதில்கள் புழங்குகின்றன. நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

சுட்டுப் பழகினால் சுபாவம் மாறும்

இந்தப் பக்கத்தின் பெரிய பெயர் கிரெய்க் ஆண்டர்சன், அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழக உளவியலாளர். 1999-இல் கொலம்பைன் பள்ளியில் துப்பாக்கிச்சூடு நடந்தது. சுட்ட இருவரும் 'டூம்' என்ற துப்பாக்கி கேம் விளையாடியவர்கள் என்று தெரிந்ததும் அமெரிக்காவே கேம்களைத் திரும்பிப் பார்த்தது. அடுத்த ஆண்டு ஆண்டர்சனும் கேரன் டில்லும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கல்லூரி மாணவர்களில் ஒரு பாதியினருக்கு 'உல்ஃபென்ஸ்டைன் 3டி' என்ற துப்பாக்கி கேம். மறுபாதிக்கு 'மிஸ்ட்' என்ற நிதானமான புதிர் கேம். அதன் பிறகு ஒரு போட்டி: யார் முதலில் பட்டனை அழுத்துகிறார்களோ அவர் ஜெயித்தார், தோற்றவரின் காதில் ஹெட்போன் வழியாக இரைச்சல் பாய்ச்சலாம். எவ்வளவு உரக்க, எவ்வளவு நேரம் என்பது ஜெயித்தவர் இஷ்டம். எதிராளி என்று ஒருவர் கிடையாது, எல்லாம் கம்ப்யூட்டர் வேலை. விளையாடுகிறவருக்கு மட்டும் அது தெரியாது.

துப்பாக்கி கேம் ஆடியவர்கள் கூடுதல் நேரம் இரைச்சல் கொடுத்தார்கள். அதுவும் தாங்கள் ஒரு சுற்றில் தோற்று இரைச்சல் வாங்கிய பிறகு வந்த சுற்றில் மட்டும். இரைச்சலின் உரப்பில் வித்தியாசம் இல்லை.

மூர்க்கத்தை அளக்க இந்த இரைச்சல் சோதனையைத்தான் பிறகு பல ஆய்வுகள் எடுத்துக்கொண்டன. ஜெர்மானிய ஆய்வாளர் மால்ட்டே எல்சன் இதைத் தோண்டிப் பார்த்தபோது, ஒரே சோதனைக்கு வெவ்வேறு ஆய்வுகளில் 150-க்கும் மேற்பட்ட விதங்களில் மதிப்பெண் போட்டிருப்பது தெரிந்தது. முதல் சுற்றை மட்டும் எடுக்கலாம், எல்லாச் சுற்றின் சராசரியை எடுக்கலாம், உரப்பை நேரத்தால் பெருக்கலாம். இத்தனை வழி இருந்தால் ஏதாவது ஒன்றில் வேண்டிய விடை கிடைத்துவிடும். யாரும் ஏமாற்றினார்கள் என்று நான் சொல்லவில்லை. அளவுகோலே வளைந்து கொடுக்கிறது என்கிறேன்.

ஆனாலும் இந்தக் கட்சியை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. 2018-இல் டார்ட்மவுத் கல்லூரி ஆய்வாளர்கள், பிள்ளைகளை மாதக்கணக்கில், வருடக்கணக்கில் தொடர்ந்து கவனித்த 24 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்தார்கள். 9 முதல் 19 வயது வரை, மொத்தம் 17,000-க்கும் மேற்பட்டவர்கள். இரைச்சல் விளையாட்டெல்லாம் இல்லை. யாரையாவது அடித்தானா, சண்டை போட்டுத் தலைமை ஆசிரியர் அறைக்கு அனுப்பப்பட்டானா என்ற நேரடிக் கேள்விகள். வன்முறை கேம் ஆடியவர்களிடம் பின்னாளில் கைகலப்பு கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்பதுதான் சங்கதி.

அதெல்லாம் ஒன்றுமில்லை

எதிர்த் தரப்பில் முன்னால் நிற்பவர் ஃபுளோரிடாவின் ஸ்டெட்சன் பல்கலைக்கழகத்துக் கிறிஸ்டோபர் ஃபெர்குசன். அவருடைய வாதம் எளிமையானது. பையன்கள் பெண் பிள்ளைகளைவிட அதிகம் துப்பாக்கி கேம் ஆடுகிறார்கள்; அதிகம் சண்டையும் போடுகிறார்கள். இதைக் கணக்கில் கழிக்காவிட்டால் கேமுக்கும் சண்டைக்கும் உறவு இருப்பது போலத்தான் தெரியும். வீட்டில் அடிதடி இருக்கிறதா, பிள்ளை ஏற்கெனவே முரட்டுத்தனமானவனா என்பதையும் கழிக்க வேண்டும். இப்படி 101 ஆய்வுகளைச் சேர்த்து 2015-இல் அவர் கொண்டுவந்த தொடர்பு எண் (0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுத் தொடர்பு) 0.06. ஆண்டர்சன் அணி 2010-இல் கொடுத்த எண் 0.2-ஐ ஒட்டியது. டார்ட்மவுத் எண் 0.08.

இந்த எண்களை எப்படிப் படிப்பது? பெருக்கிப் பாருங்கள். 0.2-ஐ 0.2-ஆல் பெருக்கினால் 0.04. அதாவது ஒரு பிள்ளைக்கும் இன்னொரு பிள்ளைக்கும் மூர்க்கத்தில் இருக்கும் வித்தியாசத்தில் 100-க்கு 4 பங்கை கேமோடு சேர்த்துச் சொல்லலாம். 0.06 என்றால் அரைப் பங்குகூடத் தேறாது. இரண்டு கட்சிகளும் இருபது வருடமாக மல்லுக்கட்டுவது இந்த இரண்டு எண்களுக்கும் இடையில் கிடக்கும் இடத்துக்காகத்தான். ஆண்டர்சன் சொல்வதே சரி என்று வைத்துக்கொண்டாலும் மீதி 96 பங்குக்கு வேறு காரணம் தேட வேண்டும். இதைச் சொல்லாமல் "ஆய்வில் நிரூபணம்" என்று தலைப்புப் போடுகிறவர்கள்மேல் எனக்குக் கொஞ்சம் கடுப்பு உண்டு.

இந்தப் பக்கத்தின் பலமான ஆதாரம் 2019-இல் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து வந்தது. ஆண்ட்ரூ ஷிபில்ஸ்கியும் நெட்டா வைன்ஸ்டைனும் 14, 15 வயதுள்ள 1,004 பிரிட்டிஷ் பிள்ளைகளை எடுத்துக்கொண்டார்கள். எந்த கேம் வன்முறை என்பதைப் பிள்ளையிடம் கேட்கவில்லை. அதிகாரப்பூர்வ வயது முத்திரையை வைத்து முடிவு செய்தார்கள். மூர்க்கம் எவ்வளவு என்பதையும் பிள்ளையிடம் கேட்கவில்லை, பெற்றோரிடம் கேட்டார்கள். கணக்கை எப்படிப் போடப்போகிறோம் என்பதை முன்கூட்டியே பதிவு செய்துவிட்டு ஆரம்பித்தார்கள். உறவு எதுவும் தென்படவில்லை. ஜெர்மனியில் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தார் பெரியவர்களை இரண்டு மாதம் தினமும் அடிதடியும் துப்பாக்கிச் சண்டையும் நிறைந்த 'ஜிடிஏ 5' கேமை ஆடவைத்துப் பார்த்ததிலும் மூர்க்கம் கூடவில்லை.

அமெரிக்க உளவியல் சங்கமும் 2020-இல் இந்த இரண்டுக்கும் நடுவில் ஓர் இடத்தில் வந்து நின்றது: கத்துவது, தள்ளுவது போன்றவற்றோடு சிறு தொடர்பு உண்டு; கொலை, துப்பாக்கிச்சூடு போன்ற வன்முறைக்குப் பழியை கேம்மேல் போட ஆதாரம் போதாது. என் கணக்கில், கட்டுக்கட்டாக வந்த ஆய்வுத் தாள்களின் நியாயமான சுருக்கம் இதுதான்.

தோல்வியும் போட்டியும்

எனக்கு ருசியாக இருப்பது மூன்றாவது பதில். உல்ஃபென்ஸ்டைனுக்கும் மிஸ்ட்டுக்கும் இடையில் ரத்தம் மட்டுமா வித்தியாசம்? ஒன்று வேகம், பதற்றம், தோற்றால் மறுபடி முதலிலிருந்து. மற்றது ஆற அமர யோசிப்பது. கனடாவின் பிராக் பல்கலைக்கழகத்தில் பால் அடாச்சியும் டீனா வில்லோபியும் 2011-இல் இதைப் பிரித்துப் பார்த்தார்கள். ரத்தமும் போட்டியும் உள்ள கேம், ரத்தம் இருந்தும் போட்டி குறைந்த ஸாம்பி கேம், ரத்தமில்லாத கார் பந்தயம், இரண்டும் இல்லாத கோலி உருட்டும் கேம். மூர்க்கத்தை அளக்க, காரம் பிடிக்காத ஒருவருக்கு எவ்வளவு காரமான சாஸ் கொடுக்கிறார்கள் என்று பார்த்தார்கள். (நம் ஊரில் இந்தச் சோதனை எடுபடாது, பரிசு என்று நினைத்து வாங்கிக்கொள்வார்கள்.) முடிவு: ஸாம்பிகளைக் கொத்துக் கொத்தாகச் சாய்த்தவர்களைவிட, ஒரு துளி ரத்தமில்லாத பந்தயத்தில் ஓடியவர்கள் அதிகக் காரம் கொடுத்தார்கள்.

2014-இல் ஷிபில்ஸ்கி அணி இன்னொரு பக்கத்திலிருந்து அதே இடத்துக்கு வந்தது. கட்டைகளை அடுக்கும் 'டெட்ரிஸ்' கேமைச் சிலருக்கு வேண்டுமென்றே கெடுத்துக் கொடுத்தார்கள், ஒத்துவராத கட்டையாகவே விழும்படி. அவர்களுக்கு எரிச்சல் ஏறியது. அதற்கு யாரையும் சுட வேண்டியிருக்கவில்லை.

இதை வீட்டில் பார்க்கலாம். என் அக்கா மகன் 'பிஜிஎம்ஐ' (பப்ஜியின் இந்திய வடிவம்) ஆடும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எரான்ஜெல் மேப், நூறு பேர் இறங்கும் ஆட்டம், கடைசிவரை போனால் ஏறத்தாழ அரை மணி. ஆடும் இடமான ஜோன் சுருங்கிச் சுருங்கிப் பத்துப் பன்னிரண்டு பேர் மிச்சம். கூட்டாளி ஒருவன் அடிபட்டு நாக் ஆகிக் கிடக்கிறான், இவன் அவனை எழுப்ப, ரிவைவ் பண்ணப் போகிறான். அந்த நேரம் பார்த்து அக்கா வந்து, "பத்து நிமிஷம்னு சொல்லி எவ்வளவு நேரம் ஆச்சு?" என்று போனைப் பிடுங்கினாள். "மாமா, நீங்களாவது சொல்லுங்க, இன்னும் ரெண்டே ஜோன்தான்!" என்று அவன் கத்தியதைத் தெருவே கேட்டிருக்கும். ரேங்க் பாயின்ட் போய்விடும். கூட்டாளிகள் மறுநாள் பள்ளியில் வைத்துக் காய்ச்சுவார்கள். அந்தக் கத்தலில் ரத்தத்துக்கு என்ன பங்கு? அவன் ஃபுட்பால் கேமின் கடைசி நிமிடங்களில் இருந்திருந்தாலும் அதே கத்தல்தான் வந்திருக்கும். சந்தேகம் இருந்தால் உங்கள் வீட்டில் கிரிக்கெட் கேம் ஆடும்போது கடைசி ஓவரில் போனை வாங்கிப் பாருங்கள்.

தூக்கம்

நான்காவது பதிலை யாரும் தலைப்புச் செய்தி ஆக்குவதில்லை. ஆஸ்திரேலியாவின் ஃபிளிண்டர்ஸ் பல்கலைக்கழகத்தில் 17 பையன்களை ஓர் இரவு 50 நிமிடமும் இன்னோர் இரவு 150 நிமிடமும் துப்பாக்கி கேம் ஆடவைத்துத் தூக்கத்தை அளந்தார்கள். நீண்ட ஆட்டத்தன்று ஏறத்தாழ அரை மணி தூக்கம் போனது. சிறிய ஆய்வுதான், ஆனால் பன்னிரண்டு மணிவரை கேம் கூட்டாளிகளோடு உட்கார்ந்துவிட்டு காலை ஆறு மணி டியூஷனுக்கு ஓடும் பிள்ளையை நினைத்தால் அந்த அரை மணி பெரிதாகத் தெரியும். தூக்கம் கெட்டவன் யாராக இருந்தாலும் சிடுசிடுப்பான்.

சரி, எதைச் செய்வது?

இதுவரை மூன்று வழிகளைப் பார்த்துவிட்டார்கள். தடை முதலில். 2019 மார்ச்சில் குஜராத்தின் ராஜ்கோட்டில் காவல்துறை பப்ஜிக்குத் தடை போட்டு, ஆடியவர்களைக் கைதுகூடச் செய்தது. 2020 செப்டம்பரில் நாடு முழுக்கத் தடை வந்தது. அது வன்முறைக்காக அல்ல, சீனத் தொடர்புக்காக. பிள்ளைகள் அதே மாதிரியான ஃப்ரீ ஃபயர் கேமுக்குத் தாவினார்கள். 2022 பிப்ரவரியில் அதுவும் தடையானது. ஆனால் 'ஃப்ரீ ஃபயர் மேக்ஸ்' இருந்தது. அப்புறம் என்ன, எல்லோரும் அங்கே.

அடுத்து கடிகாரம். தென்கொரியா 2011 முதல் 16 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு நள்ளிரவிலிருந்து காலை ஆறு மணிவரை ஆன்லைன் கேமைப் பூட்டியது. பிள்ளைகள் பெற்றோரின் அடையாள எண்ணில் உள்ளே போனார்கள். ஆட்டம் செல்போனுக்கு மாறியபோது சட்டம் கம்ப்யூட்டரோடு நின்றுபோனது. 2022 பிறந்ததும் அதை எடுத்துவிட்டார்கள். சீனா 2019-இல் நேர வரம்பு போட்டது. பிற்பாடு கோடிக்கணக்கான கணக்குகளின் ஆட்ட நேரத்தை ஆராய்ந்தவர்களுக்கு, மிதமிஞ்சி ஆடுவது குறைந்ததற்கான ஆதாரம் கிடைக்கவில்லை. 2021-இல் இன்னும் இறுக்கி, வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாள்களில் இரவு 8 முதல் 9 வரை மட்டும் என்றார்கள். நம் பிஜிஎம்ஐ-யிலும் 18 வயதுக்குக் கீழே நாளுக்கு மூன்று மணி நேரம்தான். அப்பாவின் நம்பரில் கணக்கு திறந்தவனை அது என்ன செய்யும்?

மூன்றாவது வயது முத்திரை. 'மார்ட்டல் காம்பாட்' என்ற சண்டை கேமின் ரத்தத்தைப் பார்த்து அமெரிக்க செனட் 1993-இல் விசாரணை நடத்தியதன் பலன் இது. 1994-இல் கேம் நிறுவனங்களே முத்திரை குத்தும் அமைப்பை ஏற்படுத்தின. வன்முறை கேமைச் சிறுவர்களுக்கு விற்பதையே சட்டத்தால் தடுக்க கலிஃபோர்னியா முயன்றபோது, 2011-இல் உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்ற கணக்கில் அதைத் தள்ளியது. முத்திரை பெற்றோருக்கான தகவல் மட்டுமே. அவர்கள் பார்த்தால் உண்டு. நம்மில் எத்தனை பேர் பிளே ஸ்டோரில் '16+' என்று எழுதியிருப்பதைக் கவனித்திருக்கிறோம்?

வீட்டுக்குள் வந்தால் என் தேர்வு வேறு. மணிக் கணக்கை விட்டுவிட்டு மேட்ச் கணக்குக்கு மாறுவது. "ஒன்பது மணிவரை" என்றால் ஒன்பது மணிக்கு அவன் கட்டாயம் ஏதோ ஓர் ஆட்டத்தின் நடுவில் இருப்பான், சண்டை நிச்சயம். "ரெண்டு மேட்ச், அப்புறம் சாப்பாடு" என்றால் முடிவு ஆட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. எட்டரைக்கு மேல் புது மேட்ச் தொடங்கக் கூடாது, போன் இரவு ஹாலில் சார்ஜ் ஏறும். இரண்டும் தூக்கத்துக்காக. அக்கா வீட்டில் இப்போது இந்த ஏற்பாடுதான். கத்தல் ஓய்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன், குறைந்திருக்கிறது.

இன்னொன்று, ஆடும்போது மற்றவர்களோடு பேசும் மைக். திரையில் ஓடும் ரத்தத்தைவிட, முகம் தெரியாத இருபத்தைந்து வயதுக்காரன் பன்னிரண்டு வயதுப் பையனின் காதில் கொட்டும் கெட்ட வார்த்தைகள் எனக்குக் கவலை தருகின்றன. தெரிந்த நண்பர்களோடு மட்டும் பேசும்படி அமைப்பில் மாற்ற முடியும். அதை மாற்ற ஒரு முறை பக்கத்தில் உட்கார்ந்தால், அவன் யாரோடு ஆடுகிறான் என்பதும் தெரிந்துவிடும்.

பதினெட்டு முத்திரை குத்திய ஜிடிஏ-யைப் பத்து வயதுக்காரனிடம் கொடுக்கலாமா என்றால், கூடாது. அதற்கு 0.06 எதுவும் எனக்குத் தேவையில்லை. அந்த வயதுக்கு அந்தக் காட்சிகள் வேண்டாம், அவ்வளவுதான்.

விடாமல் ஆடுவது தனிப் பிரச்சினை. உலக சுகாதார நிறுவனம் 2022 முதல் நடைமுறையில் உள்ள நோய்ப் பட்டியலில் 'கேமிங் கோளாறு' என்று சேர்த்திருப்பது கேமில் ரத்தம் உண்டா என்று பார்ப்பதில்லை. கட்டுப்பாடு கைவிட்டுப் போனதா, படிப்பும் உறவும் கெட்டும் நிறுத்த முடியவில்லையா, பொதுவாக ஒரு வருடமாக இப்படி இருக்கிறதா என்பதையே பார்க்கிறது. மிட்டாய் உடைக்கும் கேமிலும் அது வரலாம்.

கேமை நிறுத்திய நாள்களிலும் பையன் தம்பியை அடிக்கிறான், நாயைத் துன்புறுத்துகிறான், பள்ளியில் சண்டை தொடர்கிறது என்றால் போனைப் பூட்டி வைப்பதில் பயனில்லை. காரணம் வீட்டிலோ பள்ளியிலோ அவன் மனதிலோ இருக்கும். மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். போகத் தயக்கமாக இருந்தால் 14416-க்குப் போன் செய்யுங்கள். மத்திய அரசின் மனநல உதவிக்கான டெலி மானஸ் எண், கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.