தீசிஸ் எடிட்டிங், டர்னிட்டின் ரிப்போர்ட்னு சொல்லி காசு வாங்குறவங்ககிட்ட ஃபைல குடுத்துடாதீங்க

மாஸ்டர்ஸ் பார்ட் டைமா படிக்கிற நம்ம ஆளுங்க சிங்கப்பூர்ல நிறைய பேரு இருக்கீங்க, அதனாலதான் இத எழுதுறேன். 680 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) போச்சு, அது கூட பரவால்ல, ஒன்றரை வருஷம் உழைச்ச தீசிஸே என்னோடது இல்லன்னு ஆகுற நிலமைக்கு வந்துடுச்சு.

என் தலைப்பு, தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கத்து சாப்பாட்டுக் கடைங்கள்ல வேலை செய்றவங்க ஏன் வேலைய விட்டுட்டுப் போகணும்னு நினைக்கிறாங்கங்கிறது. டர்ன்ஓவர் இன்டென்ஷன்னு சொல்வாங்க. கேள்வித்தாள தமிழ்ல மாத்தி, அத இன்னொருத்தங்கள வச்சு திரும்ப இங்கிலீஷுக்கு மாத்தி, ரெண்டும் ஒத்துப் போகுதான்னு பாத்துட்டுத்தான் குடுத்தேன். ராத்திரி பத்து பத்தரைக்கு கடை மூடுற நேரம் ரேஸ் கோர்ஸ் ரோடு, பஃபலோ ரோடு, கேம்பல் லேன்னு நடந்து நடந்து வாங்கினது 128 ஃபார்ம். ஒரு அண்ணன் பரோட்டா கல்லு தேய்ச்சு முடிச்சுட்டு கைய ஏப்ரன்ல தொடச்சுக்கிட்டே நின்ன எடத்துலயே எழுதினாரு, அந்த ஃபார்ம்ல கட்டைவிரல் அளவுக்கு எண்ணெய்க் கறை இன்னும் இருக்கு. "தங்கச்சி, பெர்மிட்டு மொதலாளி பேர்ல இருக்கு, போகணும்னு நினைச்சா மட்டும் போயிட முடியுமா, இதுக்கு எந்த நம்பர்ல வட்டம் போடுறது"ன்னு கேட்டாரு. அந்தக் கேள்வியாலதான் என் நாலாவது சேப்டரையே மாத்தி எழுதினேன்.

சப்மிட் பண்ண மூணு வாரம் இருக்கும்போது என் இங்கிலீஷ் மேல எனக்கே பயம் வந்துடுச்சு. ஒரு வாட்ஸாப் குரூப்ல ஒருத்தர எல்லாரும் டாக்டர் டாக்டர்னு கூப்பிடுவாங்க, நூறு பேருக்கு மேல முடிச்சுக் குடுத்திருக்காராம். தேக்காவுல ஒரு காப்பிக்கடையில பாத்தோம். ரொம்ப மரியாதையா பேசினாரு, "நீங்க எழுதுனதுல கைய வைக்க மாட்டேன்மா, கிராமர், ரெஃபரன்ஸ் ஃபார்மட், டர்னிட்டின் ரிப்போர்ட், இவ்ளோதான்"னாரு. டர்னிட்டின்ங்கிறது நாம எழுதினது வேற எங்கயாவது இருக்கறதோட ஒத்துப் போகுதான்னு பாக்குற சாஃப்ட்வேர், எத்தனை சதவீதம் ஒத்துப் போகுதோ அதுதான் சிமிலாரிட்டி. எங்க ஸ்கூல்ல காசு குடுத்து ப்ரூஃப்ரீடிங் பண்றது தப்பில்ல, கேட்டு வச்சிருந்தேன், அதனால 340 வெள்ளி பேநவ்ல (போன்லயே பேங்க்லேர்ந்து காசு அனுப்புற வசதி) அனுப்பினேன், மீதி 340 முடிஞ்சதும்னு பேச்சு.

பத்து நாள் கழிச்சு, "சிமிலாரிட்டி 23 சதவீதம் காட்டுது, இதோட போட்டீங்கன்னா ஃபெயில்தான், நான் கொறைச்சுத் தர்றேன்"னு மெசேஜ். நான் நடுங்கிப் போயிட்டேன். அந்த 23ல பெரும்பகுதி என்னன்னு சூப்பர்வைசர் பின்னாடி சொல்லித்தான் எனக்குத் தெரியும்: மத்தவங்க ஏற்கனவே உருவாக்கி வச்சத கேள்வித்தாள்ல நாம எடுத்துப் போடுற ஸ்கேல் கேள்விங்க, கடைசியில ரெஃபரன்ஸ் லிஸ்ட், கவர் பக்கம். இதெல்லாம் யாரு எழுதினாலும் ஒத்துத்தான் போகும். சிமிலாரிட்டி நம்பர்ங்கிறது எங்கெங்க ஒத்துப் போகுதுன்னு மட்டும்தான் சொல்லும், திருடினாங்களா இல்லையான்னு மனுஷங்க படிச்சுப் பாத்துத்தான் சொல்லணும். அன்னிக்கே சூப்பர்வைசருக்கு ஒரு மெயில் போட்டிருந்தா கதை அங்கயே முடிஞ்சிருக்கும்.

ஃபைல் திரும்பி வந்தது கடைசி நாளுக்கு முந்தின ராத்திரி பதினோரு மணிக்கு. 8 சதவீதம்னு ரிப்போர்ட்டும் கூடவே. 94 பக்கத்தையும் திரும்பப் படிக்க நேரமில்ல, மறுநாள் வேலை வேற, மீதி காச அனுப்பிட்டு மொத ரெண்டு பக்கத்தயும் கடைசிப் பக்கத்தயும் மட்டும் பாத்துட்டு அப்லோட் பண்ணிட்டேன். அது என் தப்பு, மறைக்க ஒண்ணுமில்ல.

நாலு நாள்ல சூப்பர்வைசர் போன் பண்ணாங்க. எங்க ஸ்கூல் செக்ல 91 சதவீதம்! வேற ஒரு காலேஜ்ல ஒரு ஸ்டூடன்ட் ஏற்கனவே போட்ட பேப்பரோட ஒத்துப் போகுதாம். என்ன நடந்திருக்குன்னா, அந்த ஆளு எங்கயோ ஒரு காலேஜ் அக்கவுன்ட்ல என் தீசிஸ அசைன்மென்ட் மாதிரி போட்டு ரிப்போர்ட் எடுத்திருக்காரு. அப்படிப் போடும்போது பேப்பர சேமிக்க வேணாம்னு செட்டிங் மாத்தலன்னா அது டர்னிட்டின் சேமிப்புல போய் உக்காந்துடும், அப்புறம் நாம நம்ம பேர்ல போட்டா நம்ம எழுத்தே நமக்கு எதிரா நிக்கும். அத அழிக்கச் சொல்லி நாம கேட்க முடியாது, எந்த அக்கவுன்ட்ல போட்டாங்களோ அந்த காலேஜ் வாத்தியாரோ அட்மினோதான் கேட்கணும். எங்களுக்கு அது யாருன்னே தெரியாது, என்னத்த கேட்கறது.

விசாரணை கமிட்டி முன்னாடி போய் உக்காந்தேன். என்னைக் காப்பாத்தினது ரெண்டு விஷயம். நான் ஆரம்பத்துலேர்ந்து கூகுள் டாக்ஸ்லதான் எழுதினேன், அதுல வெர்ஷன் ஹிஸ்டரி இருக்கும், எந்த நாள் எத்தனை மணிக்கு எந்த வரிய எழுதினேன், எத அழிச்சேன்னு எல்லாம் நிக்கும், ஒன்றரை வருஷத்து நடுராத்திரி எல்லாம் அதுல இருந்துச்சு. இன்னொண்ணு அந்த 128 பேப்பர் ஃபார்ம், பையில போட்டு தூக்கிட்டுப் போனேன். கமிட்டியில ஒரு அம்மா அந்த எண்ணெய்க்கறை ஃபார்ம எடுத்து ரெண்டு பக்கமும் திருப்பிப் பாத்துட்டு ஒண்ணும் சொல்லாம வச்சாங்க. சூப்பர்வைசரும் அந்த ஒரு சோர்ஸ மட்டும் நீக்கிட்டுப் பாத்தா 9 சதவீதம்தான்னு ரிப்போர்ட்ட காமிச்சாங்க. வைவாவுக்கு, அதாவது வாய்மொழித் தேர்வுக்கு, விட்டாங்க.

வைவாலதான் அடுத்த இடி. எக்ஸாமினர் 61ஆம் பக்கத்தத் திறந்து, "எம்ப்ளாயி ரெவென்யூ இன்டென்ஷன்னு எழுதியிருக்கீங்க, அப்படின்னா என்ன?"ன்னாரு. டர்ன்ஓவர்னா வியாபாரத்துல விற்பனைன்னும் ஒரு அர்த்தம் இருக்குல்ல, அந்த ஆளு சதவீதத்தக் கொறைக்கறதுக்காக மொத்த ஃபைலையும் வார்த்தை மாத்துற சாஃப்ட்வேர்ல விட்டிருக்காரு, அது ரெண்டாவது சேப்டர்லேர்ந்து எல்லா எடத்துலயும் ரெவென்யூன்னு மாத்திடுச்சு! ஸ்டேட்டிஸ்டிக்ஸ் வார்த்தைங்களையும் விடல, நல் ஹைபாதிசிஸ் இன்வேலிட் ஹைபாதிசிஸ் ஆயிருந்துச்சு, ஸ்டாண்டர்ட் டிவியேஷன் ரெகுலர் டிவியேஷன். வேலைய விட்டுப் போறவங்கள பத்தி ஆராய்ச்சி பண்ற யாரும் மோப்ளி 1977ல எழுதின கட்டுரைய தொடாம போக மாட்டாங்க, ரெஃபரன்ஸ் லிஸ்ட்ல அந்தக் கட்டுரையோட தலைப்புலயே டர்ன்ஓவர் போய் ரெவென்யூ வந்திருக்கு. அந்த ரூம்ல எனக்கு வாய் வரல. என் டேட்டா எனக்கு மனப்பாடம், க்ரான்பாக் ஆல்ஃபா (கேள்விங்க ஒண்ணோட ஒண்ணு எவ்ளோ ஒத்துப் போகுதுன்னு காட்டுற நம்பர்) 0.81, எந்த ஃபார்ம் எந்தக் கடைன்னு கூட சொல்வேன், ஆனா எதிர்ல இருக்கற பேப்பர்ல இருந்தது என் வார்த்தை இல்ல. நடந்தத அப்படியே சொன்னேன். மேஜர் கரெக்ஷன், மூணு மாசம் டைம், எக்ஸ்டென்ஷன் ஃபீஸ் தனி. பழைய கூகுள் டாக்ஸ் காப்பிய எடுத்து வச்சு இப்ப வரி வரியா ஒத்துப் பாத்துட்டு இருக்கேன், 40 பக்கம் முடிஞ்சிருக்கு.

உங்க ஸ்கூல்லயே டிராஃப்ட் செக் பண்ற வசதி இருக்கான்னு சூப்பர்வைசர்கிட்ட கேளுங்க, பல எடத்துல இருக்கு. எடிட்டர் வேணும்னா ட்ராக் சேஞ்சஸ் போட்டுத் தரச் சொல்லுங்க, மாத்தின ஒவ்வொரு வார்த்தையும் கண்ணுக்குத் தெரியணும், அதுக்கு மாட்டேன்னு சொல்ற ஆளு வேணவே வேணாம். "டர்னிட்டின் நான் எடுத்துத் தர்றேன்"னு வெளியாள் சொன்னா, யாரு அக்கவுன்ட்னு கேளுங்க.

காச விடப் போறதில்ல. சின்னத் தொகை வழக்குங்களுக்கான ஸ்மால் கிளைம்ஸ் ட்ரிப்யூனல்ல 20,000 வெள்ளி வரைக்கும் கேஸ் போடலாம், ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும், வக்கீல் வச்சுக்க முடியாது, நாமளே பேசணும். என்னை மாதிரி சின்னத் தொகைக்கு தனியாள் கட்டுற ஃபீஸ் 10 வெள்ளிதான். ஆனா எதிராளியோட சரியான பேரும் அட்ரஸும் வேணும். என்கிட்ட இருக்கறது வாட்ஸாப்ல ஒரு பேரு, பேநவ்ல வேற ஒரு பேரு, இப்ப போன் போட்டா போகவே மாட்டேங்குது, குரூப்லேர்ந்தும் என்னை எடுத்துட்டாங்க. போலீஸ் ரிப்போர்ட் போட்டுட்டேன். இதே மாதிரி தேக்கா காப்பிக்கடையில ஒருத்தர பாத்து ரெண்டு தவணையா காசு கட்டினவங்க யாராவது இருந்தா, இங்க பேர எழுதாதீங்க, எனக்கு தனியா மெசேஜ் போடுங்க. உங்ககிட்ட ரசீதோ ட்ரான்ஸ்ஃபர் ஸ்கிரீன்ஷாட்டோ இருந்தா நீங்களும் ரிப்போர்ட் குடுங்க, என்னோட ரிப்போர்ட் நம்பர அனுப்பி வைக்கிறேன்.