சீடர் டெக் போட்டு ஏழு குளிர்காலம் ஆச்சு, எங்க ஜெயிச்சோம் எங்க சொதப்புனோம்

2018 மே மாசம் சீடர் (cedar) மரத்துல போட்ட டெக் இது, டெக்னா வீட்ட ஒட்டுன பலகை மேடை. 12க்கு 16 அடி, கனடாவுல மிசிசாகாவுல வீட்டுக்குப் பின்னாடி, கிச்சன் கதவத் தொறந்தா நேரா அதுல தான் கால் வைக்கணும். புதுசுல எந்த டெக்கும் அழகா தான் இருக்கும், அதனால இத்தன வருஷம் கழிச்சு எழுதறேன்.

முதல்ல ஏன் சீடர். அப்ப கையில மூணு சாய்ஸ் இருந்துச்சு. பிரஷர் ட்ரீட்டட் மரம் (உளுக்காம இருக்க மருந்த அழுத்தி ஏத்துனது) தான் மலிவு, ஆனா ஈரத்தோட வந்து எறங்கும், காயக்காய முறுக்கிக்கும், பக்கத்து வீட்டுல ரெண்டாவது வருஷமே பலகை வெடிச்சு வாயப் பொளந்து நின்னத கண்ணால பாத்தேன். காம்போசிட் (பிளாஸ்டிக்கும் மரத்தூளும் கலந்தது) மெயின்டெனன்ஸ் கம்மி, ஆனா ஜூலை வெயில்ல அடர் கலர் காம்போசிட் மேல வெறுங்கால வச்சுப் பாருங்க, தோசக்கல்லு தான். நம்ம வீட்டுல யாரு செருப்பு போட்டுட்டு பின்வாசலுக்குப் போறா? சீடர் எடை கம்மி, சூட்ட அவ்வளவா பிடிச்சு வைக்காது. மொத நாள் மழை பேஞ்சப்ப வந்த வாசன இருக்கே, அதுக்கே காசு சரியா போச்சுன்னு தோணுச்சு. ஃப்ரேம், தூண், ஜாய்ஸ்ட் (பலகைய அடியில தாங்குற கட்டை) எல்லாம் பிரஷர் ட்ரீட்டட், கால் படற பலகையும் படியும் கைப்பிடியும் மட்டும் சீடர். இங்க பாதிப் பேரு இப்படித்தான் போடறாங்க, அதுதான் சரியும்கூட.

ஒரு விஷயம், சீடர்னா நம்ம ஊர் தேவதாருன்னு அப்பாகிட்ட பெருமையா சொல்லி வச்சிருந்தேன். தப்பு. தேவதாரு தான் நெஜ சீடர், இமயமலை மரம், பைன் குடும்பம். இங்க டெக்குக்கு வர்றது வெஸ்டர்ன் ரெட் சீடர், சைப்ரஸ் குடும்பம், பிரிட்டிஷ் கொலம்பியா பக்கம் வளர்றது, அந்த மாகாணத்தோட மரமே அதுதான். அங்க உள்ள பூர்வகுடிகள் படகு கொடஞ்சதும் டோட்டம் கம்பம் (குலச் சின்னம் செதுக்குன கம்பம்) செதுக்குனதும் இந்த மரத்துல. ஒன்டாரியோவுலயே வளர்ற வெள்ளை சீடரும் கெடைக்கும், அதுல கணு ஜாஸ்தி, வேலிக்கு நல்லாருக்கும்.

அப்பா கும்பகோணத்துலேர்ந்து வந்தப்ப குனிஞ்சு பலகைல நகத்த அழுத்திப் பாத்துட்டு "என்னடா இது, நகம் பட்டா பள்ளம் விழுது, இதுக்கா இவ்வளவு காசு"ன்னாரு. அவர் கேட்டதுல நியாயம் இருக்கு. தேக்கோட கெட்டித்தன்மைல இது மூணுல ஒரு பங்கு தான். நாற்காலிய இழுத்தா கோடு விழும், பசங்க பொம்ம லாரி ஓட்டுன தடம் இன்னும் இருக்கு. பலகை வழவழன்னு கோடு படாம இருக்கணும்னு நெனைக்கிறவங்க சீடர் பக்கமே வராதீங்க. இதோட பலம் வேற எடத்துல இருக்கு. மரத்துக்குள்ளயே பூஞ்சைய அண்ட விடாத ரசாயனம் ஊறி இருக்கு, அதனால மருந்து ஏத்தாமயே உளுக்காம நிக்கும்.

ஆனா அந்த பலம் வைரத்துக்கு, அதாவது மரத்தோட உள்பகுதிக்கு, மட்டும் தான். நம்ம ஊர் ஆசாரி வைரம், வெள்ளைன்னு பிரிச்சுப் பாப்பாருல்ல, அதே கணக்கு. பலகையோட ஓரத்துல வெளுப்பா ஒரு பட்டை ஓடுனா அது சீக்கிரம் உளுத்துரும். இது தெரியாம படிக்கு மட்டும் குறைஞ்ச கிரேடு எடுத்தேன், மூணு பலகைல வெள்ளை இருந்துச்சு, 2021ல கீழ்ப்படி ஸ்க்ரூடிரைவர் குத்துனா உள்ள போச்சு. அந்த வருஷம் பாத்து தான் வட அமெரிக்கா முழுக்க மர வெல எகிறிக் கெடந்துச்சு, 2018ல குடுத்ததுக்கு ரெண்டு மடங்கு கிட்ட குடுத்து மாத்துனேன். மரம் விக்கிற யார்டுக்கு நேர்ல போயி ஒவ்வொரு பலகையையும் பொரட்டிப் பாத்து எடுங்க. சின்னக் கணு, இறுக்கமா இருந்தா பரவால்ல. கணுவ சுத்தி கருப்பா வளையம் போட்டு ஆடுச்சுன்னா ஒரு நாள் அது கழண்டு ஓட்டை விழும். கணுவே இல்லாத கிளியர் கிரேடு கண்ணுக்கு குளிர்ச்சி, பர்சுக்கு ஜுரம்.

அடுத்த சொதப்பல் முழுக்க என்னோடது. ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ ஒரு பாக்ஸ் பத்தல, ஞாயித்துக்கெழம சாயந்தரம், கராஜ்ல கெடந்த சாதா ஸ்க்ரூ ஒரு இருபது போட்டு முடிச்சிட்டேன். ஒரே மழ. ஒவ்வொரு ஸ்க்ரூ தலையிலேர்ந்தும் மை ஒழுகுன மாதிரி நீலக் கருப்பா கோடு. மரத்துல இருக்குற சத்தும் இரும்பும் சேந்தா இப்படித்தான் ஆகுமாம். ஆக்சாலிக் ஆசிட் கலந்த பிரைட்டனர் போட்டு தேச்சா கறை போகும் (கிளவுஸ் போட்டுக்கோங்க, கண்ணாடியும்), ஆனா ஸ்க்ரூவ மாத்தலன்னா திரும்ப வரும். இருபதையும் கழட்டி மாத்துனேன்.

இப்ப பெரிய கத, ஸ்டெயின், அதாவது மரத்துக்கு அடிக்கிற பூச்சு. மொத வருஷம் பளபளன்னு வார்னிஷ் மாதிரி மேல படலமா நிக்கிற ஒன்ன கடையில சொன்னாங்கன்னு வாங்கி அடிச்சேன். போட்டோவுக்கு பிரமாதம். ரெண்டே குளிர்காலம், பனி உருகி ஒறைஞ்சு உருகி ஒறைஞ்சு, படலத்துக்கு கீழ தண்ணி போயி வெயில்ல சுட்ட தோள் உரியற மாதிரி உரிஞ்சு வந்துச்சு. 2020 லாக்டவுன்ல வேற வேல இல்லாததால நாலு வீக்கெண்ட் சாண்டர் புடிச்சு தேச்சேன், மாஸ்க் இல்லாம ஆரம்பிக்காதீங்க, சீடர் தூசி சிலருக்கு ஆஸ்துமாவே வரவைக்கும், மரம் அறுக்குற மில்லுல வேல பாக்கறவங்களுக்கு இது ரொம்ப காலமா தெரிஞ்ச பிரச்சன.

அதுக்கப்புறம் மரத்துக்குள்ள ஊறுற ஆயில் ஸ்டெயின் தான், செமி டிரான்ஸ்பரன்ட் (கலரும் இருக்கும், மரமும் தெரியும்). 2020, 2022, 2024னு மூணு தடவ அடிச்சாச்சு, ஒரு எடத்துலயும் உரியல, மெல்ல மங்கும் அவ்வளவு தான். கலரே இல்லாத கிளியர் வாங்கினா ஒரு வருஷத்துல சாம்பலாயிடும், வெயில தடுக்கறது அந்த நிறமி தான். அடிக்கணுமா வேண்டாமான்னு தெரிய நாலு சொட்டு தண்ணி விட்டுப் பாப்பேன், முத்து மாதிரி நின்னா இன்னொரு சீசன் தாங்கும், உடனே உறிஞ்சிட்டா டப்பாவ தொறக்க வேண்டியது தான். அடிக்கறதுக்கு முன்னாடி ஆக்சிஜன் பிளீச் பவுடர கரைச்சு சாஃப்ட் பிரஷ்ஷால கழுவறேன். பிரஷர் வாஷர் வாடகைக்கு எடுத்து ஒரு மூலையில ட்ரை பண்ணேன், மெத்து மரம்ல, நார் நாரா பிரிஞ்சு எழுந்துருச்சு, சிராய் ஏறும். திருப்பிக் குடுத்துட்டேன். இன்னொன்னு, ஆயில் தொடச்ச துணிய சுருட்டி மூலையில போடாதீங்க, காயறப்ப தானாவே சூடேறி தீப்பிடிக்கும். விரிச்சு வெளிய காயப்போட்டு அப்புறம் தூக்கிப் போடுங்க.

ஏழு வருஷத்துல நான் பாத்த வரைக்கும் மழையும் பனியும் இந்த மரத்த ஒண்ணும் பண்ணல, பண்ணதெல்லாம் வெளிய போக வழியில்லாம தங்குன ஈரம். கதவுகிட்ட போட்ட ரப்பர் மேட், அடியில தூக்கிப் பாத்தா கன்னங்கரேல்னு சதுரமா ஒரு பாசி. கோடையில வெளிய வைக்கிற கருவேப்பிலத் தொட்டிக்கு அடியில அதே மாதிரி வட்டமா. இப்ப தொட்டிக்கு கால் வச்சிட்டேன், மேட்ட எடுத்துட்டேன். பலகைக்கு நடுவுல கால் இஞ்சு இடைவெளி இருக்கு, அக்டோபர்ல மேப்பிள் எலையும் வெதையும் அதுல போயி அடைச்சுக்கும், பழைய பட்டி பாக்குற கத்தி ஒன்ன வச்சு மண்டி போட்டு நோண்டி எடுக்கணும், முதுகு போயிடும், ஆனா வருஷத்துக்கு ஒரு தடவ இத மட்டும் தவறவே விடறதில்ல. பலகைய அறுத்த முனைகள் தான் ஸ்ட்ரா மாதிரி தண்ணிய உறிஞ்சும், அதுக்கு ஆயில் ரெண்டு கோட்.

பனிக்கு பிளாஸ்டிக் ஷவல், பலகை ஓடற வாக்குலயே தள்ளணும். உப்பு போடறதே இல்ல.

திரும்ப போட்டா சீடர் தானான்னு மச்சான் கேட்டான், அவன் பிராம்ப்டன்ல வீடு வாங்கிருக்கான். ரெண்டு வருஷத்துக்கு ஒரு வீக்கெண்ட் குடுக்க முடியும்னா போடு, இல்லன்னா ஸ்டெயினே அடிக்காம சாம்பலாக விட்டுரு, சாம்பலானா மரம் செத்துப்போகாது, மேல் தோலு தான் மாறுதுன்னு சொன்னேன். அவன் பொண்டாட்டி சாம்பல் கலர பாத்துட்டு வேணாம்னுட்டா, காம்போசிட் போட்டுட்டாங்க. போன ஜூலைல அங்க போனோம், வாசல்ல நாலு ஜோடி ரப்பர் செருப்பு டெக்குக்குன்னே தனியா வாங்கி வச்சிருந்தாங்க.